சிகரெட்டை நிறுத்துவதற்கு முன் நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை: பெண்களுக்கான செய்முறை

கோவை சரவணம்பட்டியில் இரவுப் பணி பார்த்த காலத்தில் பழகிய சிகரெட்டைக் கைவிட இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் தோற்றேன். என் மன உறுதிதான் போதவில்லை என்று நம்பியிருந்தேன். சமையலறைச் சுவரில் தொங்கும் மாத நாள்காட்டியில், பால் கணக்கிற்குப் பக்கத்தில் மாதவிடாய்க்காக நான் போட்டிருந்த சிவப்பு வட்டங்களைப் பார்த்த அன்றுதான், இரண்டு முறையும் மீண்டும் பற்றவைத்தது அந்த வட்டத்திற்கு முந்தைய நான்கைந்து நாள்களில் என்பது தெரிந்தது. மூன்றாம் முறை செய்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி, நாள் குறிப்பது. உதிரப்போக்கு தொடங்கும் நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். ஏறத்தாழ 14ஆம் நாள் கருமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்கிறது; மாதவிடாய் நெருங்கும்போது அதுவும் இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் ஒருசேரச் சரிகின்றன. அப்போது வரும் எரிச்சல், தூக்கமின்மை, சோர்வு, ஓயாத பசி எல்லாமே சிகரெட்டில் பழக்கத்தை உண்டாக்கும் பொருளான நிக்கோட்டினை நிறுத்தும்போது வருபவையும்கூட. நிக்கோட்டின் தவிப்பு முதல் சில நாள்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தாங்குவது கடினம். சுழற்சியின் எந்த நாளில் நிறுத்துவது நல்லது என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. நான் 6ஆம் நாளில் தொடங்கினேன், கடுமையான நாள்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திற்கு முன்பே கழிந்துவிட்டன. அந்த வாரத்தை மட்டும் பென்சிலால் கட்டமிட்டு, அதில் வரும் தவிப்பு தோல்வியின் அறிகுறி அல்ல என்று அருகிலேயே எழுதி வைத்தேன். இதற்குக் கைப்பேசிச் செயலியைவிடத் தாள் நாள்காட்டியே மேல் என்பது என் உறுதியான கருத்து. தேடித் திறக்க வேண்டியதில்லை, அடுப்படியில் நிற்கும்போதே கண்ணில் படும்.

இரண்டாம் படி, புகையில்லாமல் சிறிதளவு நிக்கோட்டினைத் தந்து தவிப்பைக் குறைக்கும் நிக்கோட்டின் சூயிங்கம். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். ஈஸ்ட்ரோஜன் நிக்கோட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுவதால், பெண்களின் உடல் நிக்கோட்டினை ஆண்களைவிட விரைவாகக் கரைத்துவிடுகிறது. ஆகவே தவிப்பு முற்றும்வரை காத்திராமல், விழித்திருக்கும் நேரத்தில் முதல் சில வாரங்களுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்திற்கு ஒன்று எனக் கடிகாரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று உறையில் உள்ள வரம்பை மீற வேண்டாம்.

நான் இடறியது இதை மெல்வதில்தான். வழக்கமான சூயிங்கம்போல் விடாமல் மென்றேன். நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சின, தவிப்பு அடங்கவில்லை. மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு மறைந்ததும் மீண்டும் மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படியே போகட்டும். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியேதான் உறிஞ்சப்பட வேண்டும், விழுங்கினால் வீண். காபி, எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தன்மையுள்ளவை உறிஞ்சுதலைக் கெடுக்கும் என்பதால், சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பும் மெல்லும்போதும் அவற்றைத் தவிர்க்கவும்.

காபியையே பாதியாகக் குறைத்துவிடுவது இன்னும் நல்லது. சிகரெட் புகை காஃபீனை உடல் விரைவாகக் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி படபடப்பைத் தரும், அதை நிக்கோட்டின் தவிப்பு என்று நினைத்துக்கொள்வோம். மாலையில் நாட்டுச்சர்க்கரை போட்ட சுக்குத் தண்ணீருக்கு மாறினேன்.

பின்சேர்க்கை: கருத்தடை மாத்திரை உண்பவர்கள் சிலர், தங்களுக்கு இதில் என்ன மாறும் என்று கேட்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் நிக்கோட்டின் கரைவதை மேலும் விரைவாக்கும். 35 வயதைக் கடந்து புகைப்பவர்களுக்கு அம்மாத்திரையால் இரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவதால், புகைப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் சூயிங்கத்தைத் தொட வேண்டாம்.

இன்னொன்று: சுழற்சி ஒழுங்கற்ற தோழிகளுக்கு நாள் எண்ணுவது உதவாது. மார்பகங்களில் வலி, வயிற்று உப்புசம் போன்ற தங்கள் வழக்கமான முன்னறிகுறிகளை இரண்டு மாதம் குறித்து வைத்து, அவை தென்படும் நாள்களைக் கட்டமிடலாம். வீட்டில் பேச முடியாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணை அழைக்கலாம்; தமிழிலும் பேசுகிறார்கள், வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாக்களுக்கும் அதே எண்தான்.