எச்சத்தில் கிடைக்கும் டி.என்.ஏ.: கணக்கெடுப்பில் செய்யக்கூடாத தவறுகள்

பனிச்சிறுத்தையை நேரில் பார்க்காமலே அது நடமாடும் இடத்தை இன்று அறிய முடிகிறது. புலியைப் பிடிக்காமலே அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிகிறது. அது விட்டுச்சென்ற எச்சமோ (மலமோ) உதிர்ந்த முடியோ இருந்தால் போதும். கர்நாடகத்தின் பந்திப்பூரில் எச்சத்தின் டி.என்.ஏ. வழியாக மதிப்பிட்ட புலிகளின் எண்ணிக்கை, தானியங்கிக் கேமராக்கள் காட்டிய எண்ணிக்கையோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் 'ஆய்வகமே சொல்லிவிட்டது' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கமும் இந்த வெற்றியோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. நாம் அனுப்பிய குப்பிக்குள் என்ன இருந்தது என்பதை மட்டுமே ஆய்வகத்தால் சொல்ல முடியும்.

முதல் தவறு கண்ணை நம்புவது. வடிவத்தையும் அளவையும் வைத்தே 'இது பனிச்சிறுத்தையின் எச்சம்' என்று களத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். காரகோரம் மலைப்பகுதியான பால்டிஸ்தானில் அப்படிச் சேகரித்த 95 எச்சங்களைச் சோதித்தபோது, 49 மட்டுமே பனிச்சிறுத்தையுடையவை என்று உறுதியாயின. நரியோ நாயோ தின்ற ஆட்டின் முடி பனிச்சிறுத்தையின் கணக்கில் ஏறினால், மேய்ப்பர்களின் கோபமும் அதன் மேல்தான் திரும்பும். அதனால் உணவுப் பழக்கத்தை ஆராய்வதற்கு முன் இனத்தை உறுதிசெய்வது கட்டாயம்.

அடுத்தது சேகரிப்பு. எச்சத்தை உடைத்து நடுப்பகுதியை எடுப்பவர்கள் பலர். அங்கே நிறைந்திருப்பது இரையின் முடியும் எலும்பும்தான். விலங்கின் சொந்தக் குடல் செல்கள் வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும். அந்த மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் வைத்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் ஏறிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். எத்தனால் என்ற ஆல்கஹாலில் வைத்தால் குப்பியின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். ஒரு துளி கசிந்தாலும் மை கரைந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுவது நல்லது. வெயிலும் மழையும் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால், மழைக்காட்டில் பழைய எச்சங்களைச் சுமந்து திரிவதில் பயன் குறைவு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஒரே ஒரு சோதனையை வைத்துத் தனி விலங்குகளை எண்ணுவது. ஒவ்வொரு மரபணு இடத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் இருக்கும்; அவை வெவ்வேறு வடிவமாகவும் இருக்கலாம். எச்சத்தில் டி.என்.ஏ. குறைந்தும் சிதைந்தும் இருப்பதால், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையில் பெருக்கும்போது ஒன்று விட்டுப்போய் மற்றது மட்டும் தெரியலாம். அதே விலங்கின் இன்னோர் எச்சத்தில் இரண்டும் தெரிந்துவிட்டால், ஒரு விலங்கு ஏட்டில் இரண்டாகிவிடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஓநாய்களைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், பலமுறை சோதித்த பிறகும் தங்கிவிட்ட இத்தகைய பிழைகள் எண்ணிக்கையை 5.5 மடங்கு வரை பெருக்கிக் காட்டின. இல்லாத ஓநாய்களை இருப்பதாக நம்பி ஒரு காப்புத் திட்டம் வகுத்தால் என்னவாகும்! பலமுறை சோதித்தே இப்படி என்றால், ஒரே சோதனை எப்படிப் போதும்? அதனால் மாதிரி ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு மரபணு இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு மாதிரிகளைச் சந்தேகத்தோடு மறுபடி பார்க்க வேண்டும். ஒப்பிடும் மரபணு இடங்கள் மிகவும் குறைந்தாலும் சிக்கல்தான். உடன்பிறந்த விலங்குகள் ஒன்றுபோலத் தெரிந்து, எண்ணிக்கை குறைந்துவிடும்.

கலப்படத்தை, அதாவது வேறு டி.என்.ஏ. மாதிரியில் கலந்துவிடுவதை, அலட்சியம் செய்வதும் பெருந்தவறு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சுமார் 10,000 எச்சங்களைச் சோதித்து, 61-இல் நரியின் டி.என்.ஏ. இருப்பதாக அறிவித்தார்கள். நரிகள் தீவில் பரவிவிட்டன என்ற முடிவுக்கு அது ஆதாரமானது. இல்லாததை இருப்பதாகக் காட்டும் சோதனையின் பொய்யான நேர்விடைகளே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எண்ணைப் பாருங்கள்: நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு அரிதான விடை கிடைக்கும்போது, சோதனையின் பிழை விகிதம் என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எச்சமே சேர்க்காத வெற்று மாதிரிகளையும் ஒவ்வொரு சுற்றிலும் சோதித்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஓடை நீரில் டி.என்.ஏ. தேடுவோருக்கும் ஒன்று: அது மேலே எங்கிருந்தோ அடித்து வந்திருக்கலாம். கிடைக்கவில்லை என்பதாலேயே விலங்கு அங்கில்லை என்றும் ஆகாது. சேகரித்தவை எத்தனை, விடை கிடைத்தவை எத்தனை, தோற்றவை எத்தனை என்ற மூன்று எண்களையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தக் காட்டின் எல்லையையும் மாற்றக் கூடாது.