சயின்ஸ் டெஸ்ட்டுக்கு பயாலஜி, கெமிஸ்ட்ரி ரிவைஸ் பண்றது எப்படி? ஜோடி ஜோடியா படிங்க

டெஸ்ட்டுக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ இருக்குன்னு வைங்க, உடனே புக்கை எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து திரும்ப வாசிக்க ஆரம்பிக்காதீங்க, ஹைலைட்டரை தொடவே தொடாதீங்க. ஏற்கனவே படிச்ச பாடத்தை மறுபடி வாசிச்சா எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா டெஸ்ட் ஹால்ல புக் எதிர்ல இருக்காது, அங்க பதிலை மண்டைக்குள்ள இருந்து நீங்களே வெளிய எடுக்கணும். அந்த எடுக்கற வேலையை பழகறதுதான் ரிவிஷன். ஒரு வெள்ளை பேப்பர் எடுங்க, பாடத்தோட தலைப்பை மட்டும் மேல எழுதுங்க, புக்கை மூடிட்டு ஞாபகம் வர்றது எல்லாத்தையும் எழுதுங்க, படம் வர்ற இடத்துல படம் போடுங்க, ஒரு 10 நிமிஷம் போதும். அப்புறம் புக்கை திறந்து, விட்டுப்போனதையும் தப்பா எழுதினதையும் வேற கலர் பேனாவுல அதே பேப்பர்ல சேருங்க. அந்த வேற கலர்ல இருக்கறதுதான் நீங்க இனிமே உட்கார்ந்து படிக்க வேண்டியது, மத்தது ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூல் லெவல்ல பெரும்பாலும் மார்க் போறது பாடம் தெரியாததால இல்ல, ரெண்டு விஷயத்தை ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கறதாலதான். செல்சுவரா செல்சவ்வா, மூச்சு விடறதா சுவாசமா, தனிமமா சேர்மமா, சேர்மமா கலவையா, அணு எண்ணா நிறை எண்ணா, இப்படி எல்லாமே ஜோடி ஜோடியாத்தான் மாட்டும். கேள்வி தயாரிக்கறவங்களுக்கும் இது நல்லாவே தெரியும், அதனால சூஸ் பண்ற கேள்வியில அந்த ஜோடியோட இன்னொரு ஆள் கண்டிப்பா ஒரு ஆப்ஷனா உட்கார்ந்திருப்பாரு. அதனால ஒரு நோட்டு போடுங்க, பக்கத்துக்கு ஒரு ஜோடி, நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் வித்தியாசத்தை எழுதுங்க, கீழ ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. பொதுவா இருக்கறதை எழுதாம விட்டுடாதீங்க, குழப்பமே அங்கேர்ந்துதான் வருது.

பயாலஜியில முதல் ஜோடி தாவர செல்லும் விலங்கு செல்லும். செல்சவ்வு, சைட்டோபிளாசம், நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா இந்த நாலும் ரெண்டுலயும் இருக்கு. தாவர செல்லுக்கு மட்டும் மேல மூணு சேருது, செல்லுலோஸால ஆன செல்சுவர், ஒளிச்சேர்க்கை நடக்கற பச்சை பாகமான பசுங்கணிகம், நடுவுல பெரிய நிரந்தரமான வாக்குவோல், அதாவது திரவம் நிறைஞ்ச பை. நிறைய பேர் செல்சுவர் வந்துட்டதால தாவர செல்லுக்கு செல்சவ்வு கிடையாதுன்னு நினைச்சுடறாங்க, அது தப்பு, சுவருக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு சவ்வும் இருக்கு, எது உள்ள வரலாம் எது வெளிய போகலாம்னு பார்த்துக்கறது சவ்வுதான், சுவர் உறுதியும் வடிவமும் மட்டும் குடுக்குது. இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்ல பார்த்தா பசுங்கணிகம் தெரியலையே ஏன்னு. வெங்காயம் மண்ணுக்குள்ள வளர்ற பாகம், வெளிச்சம் படாத இடத்துல ஒளிச்சேர்க்கை நடக்காது, அதனால அங்க பசுங்கணிகம் இல்ல, அவ்வளவுதான். எல்லா தாவர செல்லுலயும் எல்லாமும் இருக்கும்னு மனப்பாடம் பண்ணவங்க இந்த இடத்துல மாட்டிப்பாங்க, அதே மாதிரிதான் நம்ம ரத்த சிவப்பணு, வளர்ந்து முடிஞ்சப்புறம் அதுல நியூக்ளியஸே கிடையாது, ஆக்ஸிஜனை சுமக்கற ஹீமோகுளோபினுக்கு அதனால இடம் கூடுதலா கிடைக்குது.

அடுத்தது ஒளிச்சேர்க்கையும் சுவாசமும், என்னைக் கேட்டா பயாலஜியில அதிகம் நேரம் குடுக்க வேண்டியது இதுக்குத்தான். வார்த்தை சமன்பாட்டை ரெண்டு வரியா ஒண்ணுக்கு கீழ ஒண்ணு எழுதுங்க. கார்பன் டை ஆக்சைடு + தண்ணி → குளுக்கோஸ் + ஆக்ஸிஜன், இதுக்கு வெளிச்சமும் பச்சையமும் வேணும். கீழ, குளுக்கோஸ் + ஆக்ஸிஜன் → கார்பன் டை ஆக்சைடு + தண்ணி, கூடவே எனர்ஜி வெளிய வருது. பார்த்தீங்களா, ஒண்ணை திருப்பிப் போட்டா இன்னொண்ணு வருது, ஒரு சமன்பாடு படிச்சா ரெண்டு பாடம் முடிஞ்சுது. ஆனா இங்கதான் பெரிய தப்பும் நடக்குது, "செடி பகல்ல ஒளிச்சேர்க்கை பண்ணும், ராத்திரி சுவாசிக்கும்"னு எழுதிடறாங்க. செடி 24 மணி நேரமும் சுவாசிச்சுக்கிட்டேதான் இருக்கு, உயிரோட இருக்கற செல்லுக்கு எனர்ஜி எப்பவும் வேணும்ல, நல்ல வெளிச்சம் இருக்கறப்போ ஒளிச்சேர்க்கை சுவாசத்தை விட வேகமா நடக்கறதால மொத்தத்துல ஆக்ஸிஜன் வெளிய வருது, இருட்டுல ஒளிச்சேர்க்கை நின்னுடறதால கார்பன் டை ஆக்சைடு மட்டும் வருது. அப்புறம், மூச்சு விடறதுங்கறது நுரையீரலுக்குள்ள காத்து போய் வர்ற வேலை, சுவாசம்ங்கறது ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடக்கற வேதிவினை, ரெண்டையும் மாத்தி எழுதினா மார்க் கிடையாது.

இதோட சேர்ந்து, இலையில ஒளிச்சேர்க்கை நடந்துச்சான்னு பார்க்கற ஸ்டார்ச் பரிசோதனையை ஸ்டெப் ஸ்டெப்பா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் "ஏன்"னு பக்கத்துலயே எழுதுங்க. செடியை முதல்ல ஒண்ணு ரெண்டு நாள் இருட்டுல வைக்கறோம், ஏன்னா இலையில ஏற்கனவே இருக்கற ஸ்டார்ச் தீர்ந்து போகணும், இல்லன்னா பழைய ஸ்டார்ச்சா புது ஸ்டார்ச்சான்னு தெரியாது. அப்புறம் வெளிச்சத்துல வெச்சு இலையை பறிச்சு கொதிக்கற தண்ணியில போடறோம், இலை செத்து உள்ள நடக்கற வினை எல்லாம் நின்னுடும். அடுத்து ஆல்கஹால்ல சூடு பண்றோம், பச்சையம் கரைஞ்சு வெளிய வந்துடும், இலை வெளுத்தாத்தான் கலர் மாற்றம் கண்ணுக்கு தெரியும். ஆல்கஹாலை நேரடியா நெருப்புல காட்டக்கூடாது, சுடுதண்ணி பாத்திரத்துக்குள்ள டெஸ்ட் டியூபை வெச்சு சூடு பண்ணணும், ஆல்கஹால் சட்டுனு தீப்பிடிக்கும், இந்த ஒரு வரிக்கே தனியா மார்க் வெச்சு கேட்பாங்க. மொறுமொறுன்னு ஆயிட்ட இலையை தண்ணியில கழுவி மெத்துன்னு ஆக்கி, அயோடின் சொட்டு விட்டா, ஸ்டார்ச் இருக்கற இடம் கருநீலமா மாறும், இல்லாத இடத்துல அயோடினோட பழுப்பு கலர் அப்படியே இருக்கும். வெள்ளையும் பச்சையுமா இருக்கற இலையை எடுத்தா பச்சையம் தேவைன்னு நிரூபிக்கறோம், இலையில ஒரு பாகத்தை கறுப்பு பேப்பரால மறைச்சா வெளிச்சம் தேவைன்னு நிரூபிக்கறோம், எதை மாத்தறோமோ அதைத்தான் சோதிக்கறோம், மத்த எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்.

செரிமானத்துக்கு ஒரு நீளமான படம் போட்டு வாய்லேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் என்ன நடக்குதுன்னு எழுதினா போதும். எச்சில்ல அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைக்குது, வயித்துல ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும், பெப்சின் புரதத்தை உடைக்குது, சிறுகுடல்ல மீதி செரிமானமும் உறிஞ்சறதும், பெருங்குடல்ல தண்ணி உறிஞ்சப்படுது. பித்தநீர் உருவாகறது கல்லீரல்ல, சேர்த்து வைக்கறது பித்தப்பையில, அது என்சைம் கிடையாது, கொழுப்பை சின்ன சின்ன துளியா பிரிச்சு விடுது, அப்புறம் லைபேஸ்ங்கற என்சைம் வந்து உடைக்குது. இதயத்துல ஒரே ஒரு விதிவிலக்கை கெட்டியா பிடிச்சுக்கோங்க, தமனின்னா இதயத்துலேர்ந்து வெளிய போற குழாய், சிரைன்னா இதயத்துக்கு உள்ள வர்ற குழாய், ஆக்ஸிஜனை வெச்சு பிரிக்காதீங்க, ஏன்னா நுரையீரல் தமனியில ஓடறது ஆக்ஸிஜன் குறைஞ்ச ரத்தம். உணவுச் சங்கிலியில அம்புக்குறி சாப்பிடப்படறதுலேர்ந்து சாப்பிடறதை பார்த்து போகணும், புல் → வெட்டுக்கிளி → தவளை, எனர்ஜி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்.

கெமிஸ்ட்ரிக்கு வருவோம். இங்க எல்லாத்துக்கும் அடியில இருக்கறது துகள்தான், அதை மனசுல படமா பார்க்க பழகிட்டா பாதி பாடம் தானா வந்துடும். சூடு பண்ணினா பொருள் விரியுதுன்னா துகள் பெருசாகறது இல்ல, துகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் அதிகமாகுது, "துகள் விரிவடைகிறது"ன்னு எழுதினா நேரா தப்பு. ஐஸ் உருகும்போது முழுசா உருகி முடியற வரைக்கும் தெர்மாமீட்டர் 0 டிகிரியிலயே நிக்கும், குடுக்கற வெப்பம் துகள்களுக்கு நடுவுல இருக்கற பிடிப்பை தளர்த்தவே செலவாகுது.

தனிமம், சேர்மம், கலவை இந்த மூணையும் டெஃபனிஷனா படிக்கறதை விட இரும்பும் கந்தகமும் வெச்சு படிங்க. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் சும்மா கலந்து வெச்சா அது கலவை, மேக்னட் காட்டினா இரும்பு மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துடும், ரெண்டும் அதோட அதோட குணத்தோடயே இருக்கு, எவ்வளவு விகிதத்துல வேணும்னாலும் கலக்கலாம். அதையே சூடு பண்ணினா வினை நடந்து இரும்பு சல்பைடு வந்துடும், கறுப்பா இருக்கும், மேக்னட் வெச்சு இரும்பை தனியா இழுக்க முடியாது, கந்தகத்தோட மஞ்சள் கலரையும் காணோம், ஒரே நிலையான விகிதத்துலதான் சேரும், இது சேர்மம். இரும்பு, கந்தகம் ரெண்டும் தனித்தனியா தனிமம். ஒரே பரிசோதனையில மூணும் வந்துடுச்சு, இயற்பியல் மாற்றத்துக்கும் வேதி மாற்றத்துக்கும் உதாரணம் கேட்டாலும் இதையே எழுதலாம்.

அணுவுல, அணு எண்ணுன்னா புரோட்டான் எண்ணிக்கை, நிறை எண்ணுன்னா புரோட்டான் + நியூட்ரான். சோடியத்துக்கு அணு எண் 11, நிறை எண் 23ன்னு குடுத்தா, புரோட்டான் 11, எலக்ட்ரான் 11, நியூட்ரான் 23 − 11 = 12, எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. முதல் 20 தனிமத்தையும் அட்டையில ஒரு பக்கம் பேரு, மறுபக்கம் குறியீடுன்னு எழுதி, சாப்பாட்டுக்கு முன்னாடி 5 நிமிஷம் புரட்டுங்க. குறியீட்டுல எழுத்து அளவு ரொம்ப முக்கியம், கோபால்ட்டோட குறியீட்டுல ரெண்டாவது எழுத்து சின்னது, அதையே பெருசா எழுதினா கார்பன் மோனாக்சைடு ஆயிடும்.

சமன்பாட்டை சமன் பண்றதுல ஒரே ரூல்தான், முன்னாடி இருக்கற நம்பரை மாத்தலாம், கீழ இருக்கற குட்டி நம்பரை தொடவே கூடாது. ஹெச்2 + ஓ2 → ஹெச்2ஓ, இடது பக்கம் ஆக்ஸிஜன் 2, வலது பக்கம் 1, அதனால தண்ணிக்கு முன்னாடி 2 போடறோம், இப்போ ஹைட்ரஜன் வலது பக்கம் 4 ஆயிடுச்சு, அதனால இடது பக்கம் ஹைட்ரஜனுக்கு முன்னாடியும் 2, முடிஞ்சுது. அவசரத்துல ஹெச்2ஓவை ஹெச்2ஓ2ன்னு ஆக்கினா எண்ணிக்கை சரியா வந்துடும், ஆனா அது தண்ணியே இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. மெக்னீசியம் ரிப்பனை எரிச்சப்புறம் எடை கூடுதேன்னு கேட்டாலும் இதே கணக்குதான், காத்துல இருந்த ஆக்ஸிஜன் வந்து சேர்ந்திருக்கு.

அமிலத்துக்கு மூணு வினை போதும். அமிலம் + உலோகம் → உப்பு + ஹைட்ரஜன். அமிலம் + காரம் → உப்பு + தண்ணி. அமிலம் + கார்பனேட் → உப்பு + தண்ணி + கார்பன் டை ஆக்சைடு. உப்போட பேர்ல முதல் பாதி உலோகத்துலேர்ந்து, ரெண்டாவது பாதி அமிலத்துலேர்ந்து வரும், ஹைட்ரோகுளோரிக்னா குளோரைடு, சல்ஃபியூரிக்னா சல்ஃபேட், நைட்ரிக்னா நைட்ரேட், அதனால ஜிங்க்கையும் சல்ஃபியூரிக்கையும் சேர்த்தா ஜிங்க் சல்ஃபேட். வாயுவை கண்டுபிடிக்கற டெஸ்ட்ல ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் மாத்திடாதீங்க, எரியற குச்சியை காட்டினா "பாப்"னு சத்தம் வந்தா ஹைட்ரஜன், அணைஞ்சு கனல் மட்டும் இருக்கற குச்சி திரும்ப பத்திக்கிட்டா ஆக்ஸிஜன், சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி ஆனா கார்பன் டை ஆக்சைடு. பிஎச் 7க்கு கீழ அமிலம், மேல காரம், அமிலம் நீல லிட்மஸை சிவப்பாக்கும்.

நாளை பிரிக்கறதை பத்தி, ஒரே நாள்ல பயாலஜி முழுசா, அடுத்த நாள் கெமிஸ்ட்ரி முழுசான்னு போடாதீங்க. தினமும் ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம், இன்னைக்கு எழுதின வெள்ளை பேப்பரை நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் மூணு நாள் கழிச்சு ஒரு தடவை பார்க்காம எழுதணும், நடுவுல கொஞ்சம் மறந்துட்டு திரும்ப கஷ்டப்பட்டு ஞாபகப்படுத்தறப்போதான் நல்லா ஒட்டும். கடைசி ரெண்டு நாள் பழைய கொஸ்டின் பேப்பரை நேரம் வெச்சு எழுதுங்க, விடைக்குறிப்பை வெச்சு நீங்களே கண்டிப்பா திருத்துங்க. அப்போ கேள்வியில இருக்கற வினைச்சொல்லை வட்டம் போட்டு பழகுங்க. "விவரி"ன்னா என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லணும், ஐஸை சூடு பண்ற கேள்வின்னா வெப்பநிலை ஏறுது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒரே அளவுல நிக்குது, திரும்ப ஏறுது. அதே கேள்வி "காரணம் கூறு"ன்னா துகளை இழுத்துட்டு வரணும். "ஒப்பிடு"ன்னா ரெண்டு பக்கமும் ஒரே வரியில வரணும், தாவர செல்லை பத்தி மட்டும் அஞ்சு வரி எழுதிட்டு விலங்கு செல்லை விட்டுட்டா பாதி மார்க்தான். 3 மார்க் கேள்வின்னா 3 தனித்தனி பாயிண்ட் வேணும், ஒரே பாயிண்டை மூணு விதமா எழுதினா 1 தான்.

சூஸ் பண்ற கேள்வியில, ஆப்ஷனை கையால மறைச்சுட்டு முதல்ல நீங்களா பதில் சொல்லுங்க, அப்புறம் கையை எடுத்து உங்க பதில் அதுல இருக்கான்னு பாருங்க, இருந்தா டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுங்க.