கைப்பிடியைக் கழற்றாமல் காசை எண்ணாதீர்கள்

போன மாதம் பாலிக்குப் போய் வந்த ஒரு தம்பி, மூன்று கெரிஸ்களை (ஜாவா, பாலிப் பக்கத்துக் குத்துவாள்கள்) துண்டில் சுற்றிக்கொண்டு சிங்கப்பூரில் என் வீட்டுக்கு வந்தான். மூன்றும் பழசு என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அவன் முகத்திலிருந்த பூரிப்பு எனக்குப் பழக்கமானது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே பூரிப்போடு நானும் விமானம் ஏறியவன்தான்.

பித்தளை டிராகன் பிடி, கண்ணாடிக் கல் பதித்த உறை, தகரம் மாதிரி வளையும் அலகு இதெல்லாம் போலி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாலு புத்தகம் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் விழும் குழிகள் வேறு.

வளைவை எண்ணிவிட்டு நிம்மதியாவது

கெரிஸின் வளைவுகளுக்கு ஜாவாவில் ‘லுக்’ என்று பேர். எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்கும். இரட்டைப்படையில் வந்தால் சந்தேகப்படலாம். ஒற்றைப்படையில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். போலி செய்கிறவனுக்கும் எண்ணத் தெரியும்.

கைப்பிடியைக் கழற்றாமல் வாங்குவது

ஜாவாவில் ஒரு கடை. கடைக்காரர் வயதானவர், பேச்சு வெல்லம். பதின்மூன்று வளைவு, கறுத்த அலகு, ஓரமெல்லாம் அரித்திருந்தது. பிடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் குவித்து, “உள்ளே இருப்பவர் கோபித்துக்கொள்வார், அதெல்லாம் கூடாது” என்றார். நான் அடங்கிப்போனேன். சாமி விஷயம் என்றால் நமக்கு வாய் தானாக மூடிக்கொள்ளுமே. 900 வெள்ளி (டாலர்) கைமாறியது.

ஜாவாக்காரர்கள் வருஷா வருஷம் அவர்கள் நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில் கெரிஸைக் குளிப்பாட்டுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் பிடியைக் கழற்றிவிட்டுத்தான். தேங்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் பூந்திக்கொட்டையும் போட்டுத் துருவை எடுத்து, கடைசியில் எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்சனிக் பாஷாணத்தைப் பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளையாகவே நிற்கும். ‘பாமோர்’ என்கிற அந்த அலைக்கோலம் இப்படித்தான் எழும்புகிறது. உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும், கழற்றுவதற்குக் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. ஆயுத பூஜைக்கு நம் வீட்டில் அரிவாளைத் தேய்த்துக் கழுவாமலா பொட்டு வைத்தார்கள்? அந்தக் கடையில் நின்றபோது அது ஏன் தோன்றவில்லை? பணம் போனதை மறந்துவிட்டேன், இது மட்டும் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து திருகிப் பார்த்தேன், அசையவில்லை. ஜாவா, பாலி கெரிஸ்களில் பிடிக்குள் போகும் கம்பியில் (‘பெசி’) துணியோ நூலோ சுற்றிச் செருகியிருப்பார்கள். மெல்லத் திருகி இழுத்தால் வந்துவிடும். இதிலோ எப்பாக்சி பசை. ஹேர் டிரையரால் சூடு காட்டி எடுத்தால், அலகின் அடியில் வெல்டிங் வைத்த புதுக் கம்பி. வெல்டிங் மொட்டைக்கூட ராவியிருக்கவில்லை.

வெல்டிங் மட்டும் இருந்தால் போலி என்று முடிவு கட்டக்கூடாது. பெசி உடைந்துபோன நிஜமான பழைய அலகையும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பார்கள். அடுத்தபடியாக அலகின் தோளில் குறுக்காக உட்காரும் துண்டைப் பாருங்கள். அதற்குப் பேர் ‘கஞ்சா’. சிரிக்காதீர்கள், சாங்கி விமான நிலையச் சுங்கத்தில் சத்தமாகவும் சொல்லாதீர்கள். நடுவில் துளையிட்ட அந்தத் தனித் துண்டு பெசி வழியாக ஏறி அலகோடு பொருந்தும். அலகோடு ஒரே இரும்பாக வருவதும் உண்டு, அது ‘கஞ்சா இராஸ்’. என்னுடையதைத் தனித் துண்டு என்று சொல்லி விற்றார்கள். பிடியைக் கழற்றி அடியைப் பார்த்தால் இணைப்பே இல்லை, பக்கவாட்டில் ரம்பத்தால் இழுத்த கோடு மட்டும்தான். எப்பாக்சி, வெல்டிங், பொய்க்கோடு மூன்றும் ஒன்றிலேயே இருந்தால் வேறு என்ன சாட்சி வேண்டும்?

கழற்ற விடாதவர் தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். ஆனால் தெற்குப் பிலிப்பைன்ஸின் முஸ்லிம்களான மோரோ மக்களின் வாள்களைத் திருகிப் பார்க்காதீர்கள். அவற்றில் பிடியைப் பிசினால் இறுக்கியிருப்பார்கள், உடைந்தால் உங்கள் தலையில்தான் விடியும்.

துருவை வயசு என்று நினைப்பது

தம்பி கொண்டுவந்த மூன்றில் இரண்டு இந்த ரகம். ஆசிட்டில் ஊறிய இன்றைய எஃகில் அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழிகள் விழும், எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில். அடுக்கடுக்காகத் தட்டிச் செய்த பழைய இரும்பு அப்படித் தேயாது. மென்மையான அடுக்கு முதலில் கரையும், கடினமானது வரப்பு மாதிரி நிற்கும். நகத்தை மெல்ல ஓட்டினால் மரத்தின் ரேகை போலத் தட்டுப்படும். புதிதாக அடுக்கு இரும்பில் செய்ததை ஆசிட்டில் போட்டு எடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே நானே தடுமாறுவேன். அப்போதும் பெசிதான் கைகொடுக்கும். அலகு நூறு வருஷம் தேய்ந்து, பிடிக்குள் மறைந்த கம்பி நேற்றுக் கடைந்ததுபோல் பளபளத்தால் கணக்கு உதைக்கிறது.

பாமோரை முகத்தில் மட்டும் பார்ப்பது

அலகின் விளிம்பைப் பாருங்கள். அடித்துச் செய்த அடுக்கு அங்கேயும் தெரியும். ஆசிட்டால் வரைந்த கோலம் முகத்தோடு நின்றுவிடும்.

உறை பழசு, அதனால் வாளும் பழசு

இல்லை.

‘மஜாபாகித் காலத்தது’

மஜாபாகித் என்பது ஜாவாவின் பழைய பேரரசு. இந்தச் சொல் காதில் விழுந்தால் பர்ஸை மூடுங்கள்.

போர்னியோ மண்டாவ்

தயாக் மக்களின் இந்த வாளில் அலகின் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் லேசாகக் குழிந்தும் இருக்கும். இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தால் அது சுவரில் மாட்டச் செய்தது.

புதுசு என்றாலே இளக்காரம்

சுதந்திரத்துக்குப் பிறகு செய்த கெரிஸுக்கு இந்தோனேசியாவில் ‘கமர்திகான்’ என்று தனிப்பேரே உண்டு. மதுரா தீவில் சுமெனெப் பக்கம் இன்றும் உலைக்களங்கள் ஓடுகின்றன. 2005ல் யுனெஸ்கோ இந்தோனேசிய கெரிஸை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது, இப்படி இன்னும் உயிரோடிருக்கும் கைவேலையையும் சேர்த்துத்தான். புதுசு என்றே சொல்லி எனக்கு விற்ற மதுரா கெரிஸ் ஒன்று இருக்கிறது. அதன் பாமோர் என் பழைய அலகுகள் பலவற்றை விடத் துல்லியம். அதன் பக்கத்திலேயே அந்த 900 வெள்ளிக் கெரிஸும் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்ட வசதியாக, கைப்பிடியைத் திரும்ப ஒட்டவில்லை.