ஸ்லோ குக்கரில் தாய்லாந்துச் சாயலில் சிக்கன்: காலையில் எது, கடைசியில் எது?

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வாடகை வீட்டுச் சமையலறையில் முதலில் அறிமுகமாவது புகை அலாரம்தான். எண்ணெயில் நாலு மிளகாய் பொரிந்தால் போதும், அலறிவிடும். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்ப்பார். வேலையோ வகுப்போ முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பினால் அடுப்படியில் நிற்கத் தெம்பும் இருக்காது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் தானாகச் சமைக்கும் மின்சாரப் பானையான ஸ்லோ குக்கர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் "எல்லாத்தையும் போட்டு மூடிட்டுப் போ" என்பார்களே, அதை அப்படியே நம்பாதீர்கள். நான் நம்பினேன். தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு, துளசி என்று எல்லாமே காலையிலேயே உள்ளே போனது. மாலையில் மூடியைத் திறந்தால் திரிதிரியாகப் பிரிந்த பாலில் பழுப்பு இலைகள் மிதந்துகொண்டிருந்தன. சிக்கன் மட்டும் நன்றாக வெந்திருந்தது.

வாங்கும்போது ஒரு விஷயம். குக்கரைப் பெட்டியில் வைத்து நாடு விட்டு நாடு கொண்டுவர வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்ததை, 120 வோல்ட் ஓடும் அமெரிக்காவிலோ கனடாவிலோ செருகினால் கால்வாசிக்குச் சற்று அதிகமான சூடுதான் கிடைக்கும். கோழி வேகாது, கெட்டுப்போகும். 120 வோல்ட் குக்கரை 230இல் செருகினால் அது எரிந்தே போகும். பிளக் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. போய்ச் சேர்ந்த ஊரிலேயே வாங்குங்கள். இரண்டு மூன்று பேருக்கு மூன்றரை லிட்டர் தாராளம். நேரம் முடிந்ததும், சமைத்ததைச் சூடாக மட்டும் வைத்திருக்கும் 'வார்ம்' நிலைக்குத் தானாக மாறும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாலு பேருக்கான கணக்கு இது: எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, தாய்லாந்துச் சிவப்பு கறி பேஸ்ட் (மிளகாய் மசாலா விழுது) 3 மேசைக்கரண்டி, 400 மி.லி. தேங்காய்ப்பால் ஒரு டின், வேர்க்கடலை வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் (உப்பிட்டு நொதிக்க வைத்த மீனின் சாறு) ஒன்றரை மேசைக்கரண்டி, வெல்லம் அல்லது சர்க்கரை 1 மேசைக்கரண்டி, ஒரு வெங்காயம், ஐந்து பல் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, இரண்டு தண்டு எலுமிச்சைப்புல், ஒரு குடைமிளகாய், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி துளசி. கறி பேஸ்ட்டில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். இறாலோ கடலையோ ஒவ்வாதவர் வீட்டில் யாராவது இருந்தால் டப்பாவில் எழுதியிருப்பதை முழுவதும் படித்துவிட்டு வாங்குங்கள்.

நெஞ்சுக்கறி வேண்டாமா என்று கேட்பீர்கள். மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவீர்கள் என்றால் சரி. அதைத் தாண்டினால் நார்நாராக உலர்ந்துவிடும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். மெல்லிய சூட்டில் அந்தத் திசு ஜெலட்டினாகக் கரைந்து கறியை மென்மையாக்கும்.

தாய்லாந்துச் சமையலில் தேங்காய்ப்பால் குழம்பின் தொடக்கமே, கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் பேஸ்ட்டை வதக்குவதுதான். ஸ்லோ குக்கருக்குள் இது நடக்காது, அந்தச் சூடு அதற்குக் கிடையாது. ஆகவே டின்னைக் குலுக்காமல் திறந்து, மேலே நிற்கும் கெட்டிப் பாலில் மூன்று கரண்டி எடுத்து, சின்ன வாணலியில் பேஸ்ட்டோடு சேர்த்து மிதமான தீயில் ஐந்து நிமிடம் வதக்குங்கள். அலாரத்தை எழுப்பாத வதக்கல்தான், பயப்பட வேண்டாம். இதை முந்தின இரவே செய்து ஃபிரிஜ்ஜில் வைத்துவிடலாம்.

காலையில் அடியில் வெங்காயம், அதன்மேல் கறி, வதக்கிய பேஸ்ட், இஞ்சி, பூண்டு, கடலை வெண்ணெய், வெல்லம், பாதி ஃபிஷ் சாஸ், அரை கப் தண்ணீர். எலுமிச்சைப்புல்லின் அடிப்பகுதியைக் கத்தியின் பின்புறத்தால் நசுக்கி முழுசாகப் போடுங்கள், பரிமாறுமுன் எடுத்துவிடலாம். தண்ணீர் குறைவாயிருக்கிறதே என்று கை தானாகக் குழாய் பக்கம் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். கறியே தண்ணீர் விடும், மூடியைத் தாண்டி ஆவி அதிகம் போகாது. பானை பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குக் கீழ் நிறைந்திருந்தால் சரி.

உறைந்த கோழியை நேராகப் போடாதீர்கள். முந்தின நாளே ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். 4 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியைக் கடக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். சமைந்த கறியின் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் வெந்ததா, வேகவில்லையா என்ற சந்தேகமே வராது.

'லோ'வில் ஐந்து மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமாவது பின்னுக்குப் போவீர்கள். வெளியே ஒன்பது மணி நேரம் இருப்பவருக்குத்தான் அந்த 'வார்ம்' வசதி. ஐந்து மணி நேரம் முடிந்ததும் குக்கரே சூட்டைத் தணித்து வைத்திருக்கும். 'வார்ம்' சமைப்பதற்கானது அல்ல. பச்சைக் கறியைப் போட்டு டைமரில் தாமதமாகத் தொடங்க வைப்பதும் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கடைசி அரைமணி நேரம். இந்தச் சிக்கன் தாய்லாந்துச் சாயல் பெறுவது இப்போதுதான். மீதித் தேங்காய்ப்பாலையும் குடைமிளகாயையும் சேர்த்து 'ஹை'யில் வையுங்கள். குழம்பு நீர்த்திருந்தால் ஒரு கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றலாம். அதற்குள் தனியாக வைத்த அரிசி வெந்துவிடும். குக்கரை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறு, மீதி ஃபிஷ் சாஸ், துளசி. நாலைந்து மணி நேரச் சூட்டில் புளிப்பின் துள்ளலும் இலையின் மணமும் நிற்காது.

எந்தத் துளசி? தாய்லாந்துக் குழம்புகளில் பொதுவாகப் போடும் ஹோரப்பா, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். கிரப்பாவ் என்பது நாம் துளசி என்று சொல்லும் அதே செடி, வதக்கல்களுக்குப் போவது. ஹோரப்பா கிடைக்காவிட்டால் சாதாரண பேசில் போதும்.

ருசி பார்த்து உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நான்கையும் இப்போது சரிசெய்யுங்கள். மந்தமாக இருந்தால் முதலில் உப்பைத் தேடாதீர்கள், இன்னும் நாலு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். எனக்கு அநேகமாக அதுவே தேவைப்படுகிறது.

மிஞ்சியதைப் பானையோடு ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், கெட்டியான பீங்கான் ஆற ரொம்ப நேரமாகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மறுநாள் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நன்றாகச் சூடாக்குங்கள், ஸ்லோ குக்கரில் வேண்டாம். காலியான பானையைச் சூட்டோடு குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டினால் விரிசல் விடும். ராத்திரி அப்படியே ஆறட்டும், காலையில் தேய்க்கலாம்.