பெண்கள் டைம் ட்ரயல் பார்ப்பது எப்படி? ஒரு நோட்டும் பேனாவும் போதும்

சாலை சைக்கிள் பந்தயம் என்றதும், நூறு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு பறக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். டைம் ட்ரயலில் அந்தக் கூட்டமே கிடையாது. ஒரு வீராங்கனை தனியாகக் கிளம்புவார், தனியாக ஓட்டுவார், தனியாக வந்து சேருவார். அடுத்தவர் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழித்துக் கிளம்புவார். யார் குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடக்கிறாரோ அவருக்குத் தங்கம். முதன்முறை பார்த்தபோது, இதில் என்ன இருக்கிறது என்று நானும் பாதியில் எழுந்து போய்விட்டேன். வினாடிகளைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் இதைவிடப் பரபரப்பான பந்தயம் இல்லை என்று புரிந்தது. அந்தப் படிப்பைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

படி 1: பாதையை முதலில் பாருங்கள்

பந்தயத்துக்கு முந்தைய நாளே பாதையின் வரைபடம் வந்துவிடும். தூரம், ஏற்றம், வளைவுகள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 29.7 கி.மீ., ஏற்றங்கள் நிறைந்த பாதை, மழை வேறு. வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.தான். 2024 பாரிஸில் 32.4 கி.மீ. சமதளம், தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் 39 நிமிடம் 38 வினாடியில் முடித்தார், அதாவது மணிக்கு 49 கி.மீ. வேகம். ரியோவில் தங்கம் வென்றவரைவிடப் பிரவுன் வேகமானவர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு பாதைகள். ஒரே பாதையில் ஒரே நாளில் ஓட்டியவர்களின் நேரங்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் டைம் ட்ரயல் 1996 அட்லாண்டாவில் தொடங்கியது. ஆண்களுக்குச் சமமான தூரம் கிடைத்தது 2024 பாரிஸில்தான். இருபத்தெட்டு ஆண்டுகள்! அதே பாதை, அதே நாள், அதே தூரம். அதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

படி 2: கிளம்பும் வரிசை

பலம் வாய்ந்தவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் கிளம்புவார்கள். அதனால் முதல் அரை மணி நேரத்தில் முன்னணியில் இருப்பவரைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆனால் வானத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முதலில் போனவர்களுக்குக் காய்ந்த சாலையும் பின்னால் போனவர்களுக்கு ஈரச் சாலையும் கிடைத்தால் கணக்கு எல்லாமே மாறிவிடும்.

கிளம்பும் மேடையில் ஒருவர் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். பிடிக்க மட்டும்தான் அனுமதி, தள்ளிவிடக் கூடாது. தாமதமாக வந்தாலும், குறித்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடும்.

படி 3: வினாடியை மீட்டராக மாற்றுங்கள்

முக்கியமான படி இது. நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

மணிக்கு எத்தனை கி.மீ. வேகமோ அதை 3.6-ஆல் வகுத்தால், ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். மணிக்கு 45 கி.மீ. என்றால் வினாடிக்கு 12.5 மீட்டர், 8 வினாடி என்பது சரியாக 100 மீட்டர். திரையில் "+8" (முன்னிலையில் இருப்பவரைவிட 8 வினாடி பின்னால்) என்று வரும்போது, நூறு மீட்டர் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டுகிறவர் அப்போது தனியாகத் தெரிய மாட்டார்.

ரியோவில் அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 5.55 வினாடி வித்தியாசத்தில் ரஷ்யாவின் ஓல்கா ஜபெலின்ஸ்கயாவை முந்தினார். முக்கால் மணி நேரப் பந்தயத்தில் ஏறக்குறைய அறுபது மீட்டர்தான் வித்தியாசம். அது ஆம்ஸ்ட்ராங்குக்குத் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். மறுநாள் அவருக்கு 43 வயது.

படி 4: இடைநேரங்களை எழுதுங்கள்

பாதையில் இரண்டு மூன்று இடங்களில், கிளம்பியதிலிருந்து ஆன நேரத்தை அளப்பார்கள். அதுதான் இடைநேரம். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முதல் இடைநேரம், இரண்டாம் இடைநேரம், இரண்டுக்கும் நடுவே ஆன நேரம். அந்த மூன்றாவது பத்தியைத் திரையில் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள், நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 10 கி.மீ.யில் 'அ' 13:20, 'ஆ' 13:32. 'ஆ' 12 வினாடி பின்னால். 20 கி.மீ.யில் 'அ' 27:00, 'ஆ' 27:04. திரை இப்போதும் 'அ'தான் முன்னிலை என்கிறது. ஆனால் நோட்டைப் பாருங்கள்: நடுவில் உள்ள பத்து கி.மீ.க்கு 'அ' 13:40 எடுத்திருக்கிறார், 'ஆ' அதே 13:32. 'ஆ' வேகம் மாறாமல் ஓட்டுகிறார், 'அ' தளர்கிறார். மிச்சம் பத்து கி.மீ.யிலும் இதே கதைதான் என்றால் 'ஆ' நான்கு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிடுவார். இப்படி ஒருமுறை நீங்களே கணித்துச் சொல்லி, அது பலித்துவிட்டால் அப்புறம் இந்தப் பந்தயத்தை விடவே மாட்டீர்கள்.

படி 5: உடம்பைக் கவனியுங்கள்

சமதளத்தில் இந்த வேகத்தில் ஓட்டுகிறவருக்குப் பெரிய எதிரி காற்று. அதனால்தான் முன்னால் நீண்டிருக்கும் கைப்பிடி, பின்னால் மூடிய தட்டுச் சக்கரம், நீள்வடிவ ஹெல்மெட், ஒரே துண்டாகத் தைத்த இறுக்கமான உடை. ஆனால் காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு சைக்கிளுக்கு அல்ல, ஓட்டுகிறவரின் உடம்புக்குத்தான்.

ஆகவே தலையைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஹெல்மெட் தோள்களுக்கு நடுவே புதைந்தது போல அசையாமல் இருக்கும். களைப்பு ஏறும்போது தலை மெல்ல மேலே வரும், தோள் ஆடும், இருக்கையின் நுனிக்கு நகர்ந்து நகர்ந்து உட்காருவார். இடைநேரம் வருவதற்கு முன்பே இதை வைத்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 6: வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நேராகப் போகும்போது கிடைத்த பத்து வினாடியை ஒரே வளைவில் இழந்துவிடலாம். இத்தாலியின் இமோலாவில் நடந்த 2020 உலகப் போட்டியில் நடப்புச் சாம்பியன், அமெரிக்காவின் கிளோயி டைகர்ட் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் சாலையோரத் தடுப்பைத் தாண்டி விழுந்தார். காலில் ஆழமான வெட்டு. அன்று வென்றவர் அன்னா வான் டெர் பிரெகன். டைகர்ட் மீண்டு வந்து 2023-இல் அதே பட்டத்தை மறுபடி வென்றார். பாரிஸின் ஈரச் சாலையிலும் விழுந்தார், எழுந்து ஓட்டி வெண்கலம் வாங்கினார். வெள்ளி வென்ற அன்னா ஹெண்டர்சனுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு வினாடிகூட இல்லை. விழுந்து எழ எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 7: முந்தும்போது என்ன விதி?

முன்னால் போனவரைப் பிடித்துவிட்டால், பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் விலகித்தான் கடக்க வேண்டும். பிடிபட்டவர் அப்புறம் 25 மீட்டர் பின்தங்கியே வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பக் கூடாது.

படி 8: ஹாட் சீட்

அதுவரை குறைந்த நேரம் எடுத்தவர் முடிவுக்கோட்டருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரால் இனி செய்ய எதுவுமில்லை. அடுத்தவரின் இடைநேரம் திரையில் வரும்போதெல்லாம் கேமரா அவர் முகத்துக்குத் திரும்பும். உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, அதே கணக்கு அந்த முகத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பழகிப் பார்க்க ரியோ 2016 பந்தயத்தின் பதிவு கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். முதல் மூவரும் 12 வினாடிக்குள் வந்தார்கள். யார் வென்றார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், பரவாயில்லை. எந்த இடத்தில் வென்றார் என்பதை மூன்றாவது பத்தியில் தேடுங்கள்.