பழைய அலமாரிக்குப் புதிய மேல்பலகை பொருத்துவது எப்படி?

மதுரையில் எங்கள் வீட்டில் இருக்கும் இடுப்புயரத் தேக்கு அலமாரியின் மேல்பலகையைக் கரையான் அரித்துவிட்டதால், நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட புதிய தேக்குப் பலகை ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். அடிச்சட்டம் முழுவதும் பசை தடவி, எட்டுத் திருகாணிகளை இறுக முடுக்கியபோது, இனி எதுவும் அசையாது என்று பெருமையாகவே இருந்தது. ஐப்பசி மழையில் பொருத்திய அந்தப் பலகை, பங்குனி வெயிலில் ஓரத்திலிருந்து இரண்டு சாண் நீளத்திற்குப் பிளந்தது. இரண்டாம் முறை செய்த விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

பலகையை அளவுக்கு அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வார்னிஷை மேற்பக்கத்துக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அதே அளவு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஈரத்தை விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வாங்கி, பலகை வளைந்துவிடும்.

அடுத்து, அலமாரியின் கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றிவிட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அலமாரி சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். மேல்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே அட்டை செருகிச் சமாளிக்கக் கூடாது. மேலே திருகாணி பிடிக்கச் சட்டம் இல்லாத அலமாரியாக இருந்தால், உட்புறத்தில் முன்னும் பின்னும் 25 மி.மீ. கனமுள்ள ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) ஒவ்வொன்றை நீளவாக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்.

இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது ஏறக்குறைய முழுவதும் அகலவாக்கில்தான். இழை ஓடும் நீளவாக்கில் அந்த மாற்றம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. தேக்கு இவ்விஷயத்தில் அடக்கமான மரம் என்றாலும், அதன் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் 450 மி.மீ. அகலமுள்ள பலகை ஏறத்தாழ 3 மி.மீ. வரை கூடவோ குறையவோ செய்யும். அந்த 3 மி.மீ. நகர்வுக்கு இடம் கொடுக்காமல் இரு விளிம்புகளையும் இறுக்கிப் பிடித்தால், பலகை வேறு வழியின்றிப் பிளக்கும். ஆகவே பசையே வேண்டாம். முன்பக்க ரீப்பரில் (சட்டம் இருந்தால் சட்டத்தில்) 4.5 மி.மீ. அளவில் மூன்று வட்டத் துளைகளும், பின்பக்க ரீப்பரில் அதே அகலமும் 10 மி.மீ. நீளமும் உள்ள மூன்று நீள்துளைகளும் இடுங்கள். இவ்வாறு செய்தால் முன்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வெல்லாம் சுவர்ப் பக்கம் போய்விடும். அலமாரி சுவரோடு ஒட்டி நிற்பதானால் பின்னால் 5 மி.மீ. இடைவெளி விட்டு வையுங்கள்.

நீள்துளையின் நீளம் முன்பின்னாக, அதாவது பலகையின் அகலவாக்கில் அமைய வேண்டும். இரண்டாம் முயற்சியிலும் நான் முதலில் ரீப்பரின் நீளத்தோடு துளையிட்டுவிட்டு, ரீப்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. ரீப்பரைப் பார்த்துக் கோடு போட்டால் கை தானாக அதன் நீளத்தோடுதான் போகும் என்பதால், துளையிடுமுன் பென்சிலால் ஓர் அம்புக்குறி வரைந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று துளைகள் போட்டு, இடையில் நிற்கும் மரத்தை உருட்டு அரத்தால் தேய்த்து எடுத்தால் நீள்துளை கிடைத்துவிடும். இதற்கென்று தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

திருகாணி 8-ஆம் எண்ணில், 40 மி.மீ. நீளத்தில், தலையின் அடிப்பகுதி தட்டையாக உள்ளதாக இருக்கட்டும். கடையில் 'பேன் ஹெட்' என்று கேளுங்கள். கூம்பு போல் குழிக்குள் இறங்கும் தலை நீள்துளையில் ஆப்பாக மாட்டிக்கொள்ளும். கீழிருந்து ஏற்றும்போது, 25 மி.மீ. ரீப்பரும் தலைக்கு அடியில் போடும் வாஷரும் போக 14 மி.மீ. பலகைக்குள் இறங்கும். ஒரு அங்குலம் என்று வாங்கிய என் பலகை இழைத்த பிறகு 22 மி.மீ.தான் இருந்தது, உங்கள் பலகையையும் அளந்துவிட்டே திருகாணி வாங்குங்கள். பலகையின் அடிப்பக்கத்தில், திருகாணி ஏற வழி செய்யும் சிறு துளையை 3 மி.மீ. டிரில் பிட்டால், 12 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் இடுங்கள். பலரும் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறிப்பார்கள்; சூட்டில் அது வழுக்கி மேலேறிவிடுவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு மரத்துண்டைத் துளைத்து, தேவையான நீளம் மட்டும் வெளியே தெரியும்படி பிட்டில் மாட்டிவிடுவேன்.

மழைக்காலத்தில் பொருத்தினால் பலகை விரிந்த நிலையில் இருக்கும் என்பதால், பின்பக்கத் திருகாணி நீள்துளையின் பின்கோடியில் நிற்கட்டும்; கோடையில் பொருத்தினால் முன்கோடியில் நிற்கட்டும். கடைசித் திருப்பங்களைக் கையால் செய்யுங்கள். வாஷர் ஆடாமல், ஆனால் விரலால் அழுத்தினால் சற்றே சுழலும் நிலையில் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: பித்தளைத் திருகாணி தேக்கில் ஏறும்போது தலை முறிந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, மெழுகுவத்தியில் தேய்த்த பித்தளையை ஏற்றுங்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

மற்றொருவர் பிளைவுட்டுக்கும் நீள்துளை வேண்டுமா என்று கேட்டிருந்தார். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் தேவையில்லை. வட்டத் துளைகளே போதும். இழுப்பறைக்கு மேலே டிரில் நுழைய இடமில்லை என்பவர்கள், நீள்துளை உள்ள எல் ஆங்கிளை அலமாரியின் உட்பக்கத்தில் மாட்டி, அந்த நீள்துளை முன்பின்னாக இருக்கும்படி பலகையோடு இணைக்கலாம்.