விண்வெளி வெள்ளிப் பதக்கங்கள்: சேகரிப்பைத் தொடங்குவது எப்படி?

விண்வெளிப் பயணங்களின் நினைவாக வந்த வெள்ளிப் பதக்கங்களில் பெரும்பாலானவை தரையை விட்டு எழும்பாதவை. விண்கலத்தில் போய்த் திரும்பியவை மிகக் கொஞ்சம். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் காசைக் கையில் எடுக்கும் முன் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

அமெரிக்காவின் அப்போலோ நிலவுப் பயணங்கள் மட்டும், அல்லது ஒரே நிறுவனத்தின் வரிசை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 1969 நிலவிறக்கப் பதக்கங்களைப் பலரும் ஏராளமாக வெளியிட்டார்கள். தொடங்க அவையே சுலபம்.

படி 2: நாணயத்தோடு குழப்பாதீர்கள்

முகமதிப்பு, அதாவது ஒரு டாலர், பத்து ரூபாய் என்பதுபோல் பொறித்த மதிப்பு, இருந்தால் அது நாணயம். அப்போலோ 11-இன் 50-ஆம் ஆண்டுக்காக 2019-இல் அமெரிக்கா வெளியிட்ட வளைந்த வெள்ளி டாலர் அப்படிப்பட்டதுதான். அழகானது, ஆனால் பதக்கம் அல்ல.

படி 3: வெள்ளிதானா என்று பாருங்கள்

விளிம்பில் 'ஸ்டெர்லிங்' அல்லது 925 என்றிருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி. 999 என்றால் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. காந்தம் இழுத்தால் அது வெள்ளியே இல்லை. இழுக்காவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், செம்பையும் காந்தம் இழுக்காது.

அடர்த்திச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. முதலில் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைச் சிறு மின்னணுத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக்குங்கள். முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 26 கிராம் பதக்கத்துக்கு 2.5 கிராம் காட்டினால் 10.4, ஸ்டெர்லிங்குக்குப் பொருந்துகிறது. 9-ஐ ஒட்டி வந்தால் வெள்ளி முலாம் பூசிய செம்பாக இருக்கலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் பதக்கத்தை மட்டும் நனைக்காதீர்கள்.

படி 4: 'நிலவுக்குப் போனது' என்றால் ஆதாரம் கேளுங்கள்

அப்போலோ 7 முதல் விண்வெளி வீரர்களுக்காக ராபின்ஸ் நிறுவனம் ஸ்டெர்லிங் வெள்ளியில் பதக்கங்கள் செய்தது. அவற்றில் வரிசை எண் இருக்கும். எண்ணும், வீரர் எழுதிக் கொடுத்த சான்றும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு வகை கொஞ்சம் நுணுக்கமானது. 1971-இல் அப்போலோ 14 வீரர்கள் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நாணயச்சாலை நிறுவனத்தின் வெள்ளிப் பதக்கங்களை எடுத்துச் சென்றார்கள். திரும்பிய பிறகு அவற்றில் சிலவற்றை உருக்கி, நிறைய சாதாரண வெள்ளியோடு கலந்து குட்டிப் பதக்கங்களாக்கி அந்நிறுவனம் தன் சேகரிப்பாளர் சங்க உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. நிலவுக்குப் போன வெள்ளி அதில் இருப்பது உண்மை, ஆனால் துளியளவுதான். ஆசைக்கு வாங்குங்கள், முழுதும் பயணம் செய்த பதக்கத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

படி 5: தேய்க்காதீர்கள்

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். தேய்த்தால் கறுப்போடு மேற்பரப்பும் கொஞ்சம் போய்விடும். சேகரிப்பாளர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்டும் பிவிசி உறையும் பக்கத்திலேயே வரக்கூடாது.

அப்புறம், ஒவ்வொரு பதக்கத்துக்கும் எடை, வரிசை எண், யாரிடம் எப்போது வாங்கியது என்று குறித்து, ரசீதையும் சான்றையும் சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்க நினைத்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.